தாயைக் கவனிக்க ஆள் தேடுகிறீர்களா?

“அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த இடம் ஏதாவது இருக்கிறதா?”

இப்படி ஒருவரை ஒருவர் கேட்பது இன்று சாதாரணம் ஆகி விட்டது. சென்னையில் மட்டும் அல்ல. மதுரையிலும் கேட்கிறார்கள். திருச்சியிலும் கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. மகனுக்கு வெளியூரில் வேலை. மருமகளுக்கு ஆபீசு. பேத்திக்குப் பரீட்சை. கட்டிலில் கிடக்கும் தாயைத் தூக்கி உட்கார வைக்கப் பகலில் வீட்டில் ஆள் இல்லை. என்ன செய்வது? வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் செய்கிறார்கள்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், போன் செய்தவுடன் நாம் கேட்கிற முதல் கேள்வி இருக்கிறதே, அதுதான் தவறு!

“மாதம் எவ்வளவு?” என்று கேட்கிறோம்.

நானும் அப்படித்தான் கேட்டேன். பட்ட பிறகுதான் புத்தி வந்தது.

பாட்டியின் கட்டில்

என் பாட்டிக்கு வயது 81. மதுரையில் எங்கள் வீட்டுக் குளியல் அறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். எட்டு நாள் நானும் என் மனைவியும் மாறி மாறி லீவு போட்டோம். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு ஏஜென்சிக்குப் போன் செய்தேன்.

ஐந்து கேள்விகள் கேட்டேன். மாதம் எவ்வளவு? அட்வான்ஸ் எவ்வளவு? சாப்பாடு நாங்கள் போட வேண்டுமா? பாதியில் நிறுத்தினால் பணம் திரும்ப வருமா? நாளைக்கே ஆள் கிடைக்குமா?

ஐந்தும் என் பணத்தைப் பற்றியும் என் வசதியைப் பற்றியும்தான். பாட்டியைப் பற்றி ஒன்று கூட இல்லை!

மறுநாள் காலையில் ஒரு பெண் வந்தாள். வயது 22 இருக்கும். கையில் ஒரு துணிப்பை. ரசீதில் “24 மணி நேர நர்சு” என்று எழுதி இருந்தது. நான் நிம்மதியாக ஆபீசுக்குப் போனேன்.

நான்காம் நாள் விடியற்காலை. பாட்டியின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். படுக்கை நனைந்து கிடந்தது. பாட்டி கண் விழித்தபடி படுத்து இருந்தார். இரவு 2 மணியில் இருந்து கூப்பிட்டு இருக்கிறார். அந்தப் பெண்ணோ பாயில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டு இருந்தாள்.

எனக்குக் கோபம் பொங்கியது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பதில் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு விரிப்பை மாற்றினாள்.

பாட்டிதான் பேசினார். “அவளைத் திட்டாதே, அப்பா. மூன்று ராத்திரி நான் மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தாள். அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே?” என்றார்.

பிறகு விசாரித்தேன். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் வரை அவள் வேறு ஒரு வீட்டில் இரவும் பகலும் வேலை செய்து இருக்கிறாள். அங்கிருந்து நேராக இங்கே அனுப்பி விட்டார்கள். நர்சுப் படிப்பும் அவள் படிக்கவில்லை. நான் கட்டிய மாதப் பணத்தில் அவள் கைக்குக் கிடைப்பது பாதிக்குக் கொஞ்சம் மேல்.

குற்றவாளி யார்? தூங்கிய பெண்ணா? தூங்க விடாத ஏஜென்சியா? எதையும் கேட்காமல் பணத்தைக் கட்டிய நானா?

ஆயுள் கூடியது, ஆள் குறைந்தது

நாடு விடுதலை அடைந்த 1947-ம் ஆண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வயதுதான். இன்று அது 70 வயதை எட்டி இருக்கிறது. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் முதியவர்கள்.

இது சந்தோஷப்பட வேண்டிய சேதி. ஆனால், அன்று ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். இன்று ஒன்று அல்லது இரண்டு. அவர்களும் ஆளுக்கு ஒரு ஊரில். முதுமை நீண்டு இருக்கிறது. தாங்கிப் பிடிக்கும் கைகள் குறைந்து இருக்கின்றன. அந்தக் குறையைத்தான் இந்த ஏஜென்சிகள் நிரப்ப வருகின்றன. நல்லவை உண்டு. வெறும் ஆள் பிடித்து அனுப்புகிறவையும் உண்டு. பிரித்து அறிவது எப்படி?

முதல் கேள்வி

என் அபிப்பிராயம் இது. ஏஜென்சிக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “வருகிற பெண் எப்போது தூங்குவாள்?”

அவர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நீங்கள் விடாதீர்கள். 24 மணி நேரமும் கண் விழிக்கிற மனுஷி உலகத்தில் கிடையாது. தூக்கம் இல்லாத டிரைவர் ஓட்டும் பஸ்சில் உங்கள் தாயை ஏற்றி அனுப்புவீர்களா? அப்படி இருக்க, தூக்கம் இல்லாத பெண்ணின் கையில் தாயை ஒப்படைக்கலாமா? அவள் காலை மாத்திரையை இரவில் கொடுத்து விடுவாள். கையைப் பிடித்து நடத்தும்போது அவளே தடுமாறுவாள்.

நோயாளி இரவில் அடிக்கடி கூப்பிடுகிறவரா? அப்படியானால் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் வேண்டும். “இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க நான் என்ன ஜமீன்தாரா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முடியாதவர்கள் பகலுக்கு மட்டும் ஆள் வைத்துக்கொண்டு, இரவை வீட்டார் முறை போட்டுப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் அவளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அன்றைக்கு மாற்று ஆள் யார் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: “நான் கொடுக்கும் பணத்தில் அவளுக்கு எவ்வளவு?” ஏஜென்சி லாபம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்கவும், மாற்று ஆள் அனுப்பவும் செலவு ஆகும். ஆனால், கூலி குறைந்த இடத்தில் ஆள் நிலைப்பது இல்லை. பத்து நாளைக்கு ஒரு புது முகம் வரும். ஞாபக மறதி உள்ள முதியவருக்குப் புது முகம் என்றால் பயம். சாப்பிட மாட்டார். குளிக்க மாட்டார். “யாரோ திருடி வந்து இருக்கிறாள்” என்று அலறுவார். உதவிக்கு வந்தவளுக்கு வயிறு நிறைந்தால்தான் உங்கள் தாய்க்கு மனம் நிறையும்.

நர்சு வேறு, உதவியாள் வேறு

வெள்ளை உடுப்புப் போட்டவர் எல்லாம் நர்சு அல்ல. ‘ஜி.என்.எம்.’ என்பது மூன்று ஆண்டுப் படிப்பு. ‘பி.எஸ்.சி. நர்சிங்’ நான்கு ஆண்டுப் படிப்பு. படித்தவர்கள் நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்து இருப்பார்கள். பதிவு எண்ணைக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

ஊசி போடுவது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகிய வேலைகள் இருந்தால் படித்த நர்சுதான் வேண்டும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டி விடுவது, கைப்பிடித்து நடத்துவது ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற உதவியாள் போதும். எது வேண்டும் என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். உதவியாளை அனுப்பி விட்டு நர்சுக்கு உள்ள பணத்தை வாங்குகிறார்களா என்று பாருங்கள்.

வருகிறவருக்கு ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். “படுத்தே இருப்பவரை எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பாய்?” என்று கேளுங்கள். “இரண்டு மணிக்கு ஒரு தடவை” என்றால் வேலை தெரிந்தவள். அப்படிச் செய்யாவிட்டால் முதுகின் அடியிலும், இடுப்பிலும், குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். “எப்படி ஊட்டுவாய்?” என்று கேளுங்கள். “நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாக ஊட்டுவேன்; சாப்பிட்டவுடன் படுக்க விட மாட்டேன்” என்றால், தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் எழுதி வாங்குங்கள்

வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கட்டணம், ஆள் வராவிட்டால் என்ன, நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். போலீஸ் விசாரணை செய்யப்பட்டவரா என்று கேளுங்கள். அவருடைய அடையாள அட்டையின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நகைகளை முதல் நாளே பூட்டி வையுங்கள். பூட்டாமல் வைத்து விட்டுப் பிறகு ஒரு ஏழைப் பெண்ணைச் சந்தேகப்படுவது பாவம்.

ஏஜென்சி ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதியோர் உதவிக்கு எண் 14567. இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பணம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்தும், உடற்பயிற்சி சிகிச்சையும், தீராத நோயாளிகளுக்கு ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே கொண்டுவர ஏற்பட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவைக் கேட்டீர்களா?

எல்லோரையும் கேட்கிறோம். கட்டிலில் இருப்பவரைக் கேட்கிறோமா? அவரைக் குளிப்பாட்டப் போகிறவள் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? தாய்க்குப் பெண் வேண்டும். தகப்பனாருக்கு ஆண் இருந்தால் கூச்சம் இருக்காது. முதல் நாள் நீங்களும் கூட இருங்கள். ஒரு வாரம் கழித்து, அந்தப் பெண் கடைக்குப் போன நேரத்தில், பெரியவரிடம் தனியாக விசாரியுங்கள். உடம்பில் காயம், கன்றிப் போன அடையாளம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஆள் வைத்து விட்டதால் உங்கள் கடமை தீர்ந்து விடாது. பெற்றோரையும் முதியோரையும் காக்க 2007-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்து இருக்கிறது. பராமரிக்க வேண்டியவர்கள் முதியவரைக் கைவிட்டால், அந்தச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டத்துக்குப் பயந்து அல்ல. வளர்த்த கைகளை நினைத்தாவது தினம் அரை மணி நேரம் அந்தக் கட்டிலின் அருகில் உட்காருங்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் அவளைத் தூங்க விட்டோம். பிறகு அவளுக்குப் பகல் வேலை மட்டும். இரவை வீட்டில் முறை போட்டுக்கொண்டோம். செவ்வாயும் வெள்ளியும் என் முறை.

முதல் செவ்வாய்க்கிழமை இரவு பாட்டி ஐந்து தடவை கூப்பிட்டார். விடிந்து நான் ஆபீசுக்குப் புறப்படும்போது எனக்குக் கண் திறக்க முடியவில்லை. ஒரே ஒரு இரவுக்கே இப்படி! மூன்று இரவு விழித்தவளை அல்லவா நான் திட்டினேன்?

ஆகவேதான் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் ஏஜென்சிக்குப் போன் செய்யும்போது, “மாதம் எவ்வளவு?” என்பதைக் கடைசியில் கேளுங்கள். “அவள் எப்போது தூங்குவாள்?” என்பதை முதலில் கேளுங்கள்.