வீதியில் நின்று கூவினால்தான் கதவு திறக்குமா?

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் வண்டி நடுவழியில் நின்று விட்டால், விற்ற கம்பெனிக்கு அவர் எப்படித் தெரிவிப்பது? "எங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் எழுதுங்கள்" என்பதே பல கம்பெனிகள் இன்று தரும் விடை. டெலிபோன் எண் கிடையாது. இருந்தாலும் எடுப்பார் கிடையாது.

அமெரிக்காவில் ஃபிரான்டியர் என்னும் விமானக் கம்பெனி 2022 நவம்பரில் டெலிபோன் சேவையையே மூடிவிட்டு, இனி எல்லாம் எழுத்து மூலம்தான் என்று அறிவித்தது. டெலிபோனில் ஓர் ஊழியர் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லலாம். எழுத்தில் என்றால் ஒரே சமயத்தில் பலரைக் கவனிக்கலாம் அல்லவா?

இது கம்பெனியின் கணக்கு. வாடிக்கைக்காரரின் கணக்கு வேறு. அதை அறிய அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியே போதும். அங்குள்ள தொழிற்சாலையில் ஓலா எலெக்ட்ரிக் கம்பெனி செய்யும் ஸ்கூட்டர்களைப் பற்றி, 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்டு முடிய ஓராண்டில், தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவான புகார்கள் 10,644. அவற்றில் பழுது பார்ப்பதில் தாமதம் என்பவை மட்டும் 3,364. இத்தனையும் சந்தடியின்றிப் பதிவானவை. 2024 அக்டோபர் 6-ஆம் தேதி நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா, வரிசையாக நின்ற ஓலா ஸ்கூட்டர்களின் படமொன்றை எக்ஸ் தளத்தில் வெளியிட்டார். அன்றே கம்பெனித் தலைவர் பவிஷ் அகர்வாலிடமிருந்து பதில் வந்துவிட்டது, சுடச்சுட, கோபத்தோடு! மறுநாள் பங்கு விலையும் சரிந்தது. அதே நாளில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நோட்டீசும் பிறந்தது. புகார்களில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டு விட்டதாகக் கம்பெனி பின்னர் சொன்னது. அது இருக்கட்டும். தலைவரே எழுந்து பதில் சொன்னது எவருக்கு? பின்தொடர்வோர் பல லட்சம் பேரை உடைய ஒருவருக்கு. பின்தொடர்வோர் பன்னிரண்டு பேர் கூட இல்லாத சூளகிரிக்காரர் அதே படத்தைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஓசூர் எல்லைப்புற ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும். வடக்கிலிருந்து வந்த தொழிலாளர் இந்தியும் ஒடியாவும் பேசுவர். வாயால் சொன்னால் இவர்கள் குறையை அழகாகச் சொல்வார்கள். "ஏற்றத்தில் போனால் மட்டும் கரகரவென்று சத்தம் வருகிறது" என்பதை ஆங்கிலத்தில் எழுது என்றால் யாருக்கு வரும்? 1980-இல் இதே ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த காலத்தில், வாங்கியவர் டீலரின் பட்டறைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் சண்டை போடலாம். சண்டை போடுவதற்கு ஓர் ஆள் இருந்தார் என்பதே பெரிய வசதி!

இன்னொரு ஆபத்தும் உண்டு. பொது இடத்தில் குறையை எழுதியவுடன், கம்பெனியின் சின்னத்தையே மாட்டிக்கொண்டு போலிப் பேர்வழிகள் ஓடி வருகிறார்கள். "உங்கள் எண்ணைக் கொடுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்பார்கள். திருப்புவது வங்கிக் கணக்கைத்தான். மாட்டிக்கொண்டவர் உடனே 1930-க்குப் பேச வேண்டும். அதுவும் டெலிபோன்தான் என்பது வேடிக்கை.

சட்டம் இல்லாமல் இல்லை. இணையம் வழியாக வாணிபம் செய்வோர் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்லுகின்றன. வலைத்தளத்தில் எழுதிய வரியோ, ஆயிரம் வரிகளுக்கு அடியில் மறுநாளே புதைந்துவிடும். புகார் எண்ணும் இல்லை, ரசீதும் இல்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் எதைக் காட்டுவது?

வலைத்தளம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. அதில் எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். ஆனால் வண்டியோடு கொடுக்கும் காகிதத்தில் ஒரு டெலிபோன் எண்ணைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சிட்டு, அதை எடுத்துப் பேச ஓர் ஆளையும் உட்கார வைப்பது லட்சக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிக்கு ஆகாத காரியமா? சர்க்காரின் 1915 எண்ணில் தமிழ் உட்பட 17 மொழிகளில் இன்றும் புகார் வாங்குகிறார்கள்.