மேனேஜரை மாத்துனா மேட்ச் ஜெயிக்குமா பாஸ்?



ஒரு கிளாஸ்ல அறுபது பேர்ல நாற்பது பேருக்கு அரியர். யாரை மாத்தணும்? ஸ்டூடண்ட்டையா, ஸ்டாஃபையா, இல்ல சிலபஸையா? 'ஸ்டாஃபைத்தான்!'னு நீங்க கோரஸா கத்துறது கேக்குது. கொஞ்சம் பொறுங்க. இதே கேள்வி 2025 ஐ.பி.எல். சீசன்ல தமிழ்நாடு முழுக்க வேற ரூபத்துல ஓடுச்சு. சென்னை சூப்பர் கிங்ஸ் கடைசி இடத்துக்குப் போன வருஷம் அது. 'கோச்சை மாத்து', 'சி.இ.ஓ-வை மாத்து', 'தோனியையே மாத்து'ன்னு ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் வெச்சிருந்தாங்க.

எங்க மாப்பிள்ளையூரணி பக்கம் இந்தப் பட்டிமன்றம் கொஞ்சம் ஸ்பெஷல். காரணம் கிரிக்கெட் இல்ல, காலண்டர்! கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. ஐ.பி.எல். சூடு பிடிக்கிற நேரமும் அதேதான். தருவைகுளம் பக்கம் படகெல்லாம் கரையில நிக்கும். வலை பிரிச்சுத் தைக்கிற வேலை பகல்ல முடிஞ்சிடும். ராத்திரி? டி.வி-தான். ஒரு பந்து விடாம பார்க்கிற ரசிகர்கள் எங்க ஊர்ல கிடைப்பாங்க. சும்மா ஸ்கோர் கார்டு பார்த்துட்டுப் பேசுற ஆளுங்க கிடையாது.

முதல்ல, என்னதான் நடந்துச்சு? ஒரு குட்டி ரீவைண்ட்.

14 மேட்ச். 4 வெற்றி. 8 புள்ளி. பத்து டீம்ல பத்தாவது இடம். சேப்பாக்கத்துல நடந்த 6 மேட்ச்ல முதல் மேட்ச்ல மும்பையை ஜெயிச்சதோட சரி. அதுக்கப்புறம் பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப்னு வரிசையா அஞ்சு தோல்வி. பெங்களூரு டீம் 2008-க்கு அப்புறம் முதல் தடவையா சேப்பாக்கத்துல ஜெயிச்சுட்டுப் போச்சு. கொல்கத்தா மேட்ச்ல நம்மாளுங்க 20 ஓவர்ல எடுத்தது 103. அவங்க அதை 10.1 ஓவர்ல முடிச்சுட்டு சீக்கிரமா டின்னருக்குக் கிளம்பிட்டாங்க! நடுவுல கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை காயத்தால வெளியே போக, தோனி திரும்பவும் கேப்டன். பெங்களூருக்கு எதிரா அதே தோனி ஒன்பதாவது ஆளா பேட்டிங் இறங்குனப்போ வந்த கோபம் இருக்கே... அந்தக் கோபத்துலதான் பட்டிமன்றம் ஆரம்பமாச்சு.

'மாத்தணும்' கட்சி

இவங்க வாதம் சிம்பிள். கிரவுண்டுல ஆடுறவன் தோத்தது ரெண்டாவது. 2024 நவம்பர்ல ஜெத்தாவுல நடந்த மெகா ஏலத்துலயே தோத்தாச்சு.

"அஸ்வினுக்கு 9.75 கோடி, திரிபாதிக்கு 3.40 கோடி. அடிக்கிற சின்னப் பசங்க ஒருத்தன்கூட கண்ணுல படலையா? ஏலத்துல உட்கார்ந்து பேடு தூக்குனது யாரு? அவங்களைக் கேக்கணும்ல மக்கா!"

சும்மா சொல்லக் கூடாது, பாயின்ட் இருக்கு. பாதி சீசன்லயே கோச் ஸ்டீபன் ஃப்ளெமிங், ஏலத்துல எல்லாமே சரியா அமைஞ்சதுன்னு சொல்ல முடியலைங்கிற மாதிரி வெளிப்படையாவே பேசிட்டார். அவர் 2009-லேர்ந்து கோச். ஒரே சீட்ல அத்தனை வருஷம் உட்கார்ந்தா பழைய நோட்ஸையே திரும்ப வாசிக்கத் தோணும்ங்கிறது இந்தக் கட்சியோட சந்தேகம்.

பக்கத்துல பாருங்கன்னு பஞ்சாபையும் காட்டுறாங்க. 2024-ல ஒன்பதாவது இடம். கோச்சை மாத்துனாங்க, ரிக்கி பான்டிங் வந்தார். 26.75 கோடி குடுத்து ஸ்ரேயாஸ் ஐயரைக் கேப்டனாக்கினாங்க. 2025-ல நேரா ஃபைனல்! 'மாத்துனா நடக்கும்'னு சொல்ல இதை விட என்ன சாட்சி வேணும்?

'மாத்தாதே' கட்சி

இவங்க கையில இருக்கிறது வரலாறு. 2020-ல சி.எஸ்.கே. ஏழாவது இடம். அப்பவும் இதே கூச்சல். நிர்வாகம் அசையலை. 2021-ல கோப்பை. 2022-ல ஒன்பதாவது இடம். திரும்பவும் கூச்சல், திரும்பவும் அசையலை. 2023-ல கோப்பை! மொத்தம் 5 கோப்பை (2010, 2011, 2018, 2021, 2023). அஞ்சுலயும் கோச் அதே ஃப்ளெமிங்தான்.

"ஒரு வருஷம் மழை பெஞ்சு உப்பு கரைஞ்சா உப்பளத்தையா விப்பீங்க? சும்மா கெடங்கல!" இது உப்பள வேலை பார்க்கிற ஒரு பெரியவர் அடிச்ச சிக்ஸர்.

கைதட்டல் அள்ளுச்சு. ஆனா இந்த வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. 2022-ல தோத்து 2023-ல ஜெயிச்சது, மாத்தாததாலயா? இல்ல, மாத்தாம இருந்தும் ஜெயிச்சதா? ரெண்டும் வேற வேற. போன தடவை படிக்காம பாஸ் பண்ணிட்டோம்னு இந்தத் தடவையும் புக்கைத் தொடாம போறவனோட லாஜிக் இது. ரெண்டு தடவை ஒர்க் அவுட் ஆனது மூணாவது தடவைக்கு கியாரண்டி கார்டு ஆகாது.

பக்கத்து படகுக்கு மீன் பட்டுச்சா?

ரெண்டு கட்சியையும் வாயடைக்க வெச்சவர் விசைப்படகு ஓட்டுற ஒரு அண்ணன். டிரைவர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"நம்ம படகுக்கு மீன் படலைன்னா உடனே டிரைவரை மாத்த மாட்டாவ தம்பி. பக்கத்து படகுக்கு மீன் பட்டுச்சான்னு கேப்பாவ. யாருக்குமே படலைன்னா கடல்ல மீன் இல்ல. பக்கத்துல அள்ளிட்டு வந்திருந்தா, அப்பத்தான் டிரைவர்கிட்ட பேச்சு!"

இன்ஜினீயரிங்ல நாலு வருஷம் படிக்கிற ஃபால்ட் அனாலிசிஸை நாலு வரியில சொல்லிட்டார் மனுஷன். சரி, அந்த அளவுகோலை வெச்சே பார்ப்போம். பக்கத்து படகுக்கு மீன் பட்டுச்சா?

பட்டுச்சு பாஸ்... அதுவும் நம்ம கடல் மீனு! 2025 சீசன்ல அதிக ரன் அடிச்சு ஆரஞ்சு தொப்பி வாங்குனது சாய் சுதர்சன். 759 ரன். சென்னைப் பையன். ஆடுனது குஜராத்துக்கு. 2022 ஏலத்துல குஜராத் அவரை எடுத்த விலை வெறும் 20 லட்சம். அதே குஜராத்ல அதே வருஷம் சாய் கிஷோர், வாஷிங்டன் சுந்தர், ஷாருக் கான். கொல்கத்தாவுல வருண் சக்ரவர்த்தி. சேப்பாக்கத்துலேர்ந்து பஸ்ல போற தூரத்துல வளர்ந்த பசங்களை, அகமதாபாத்லேர்ந்து வந்தவங்க தூக்கிட்டுப் போயிருக்காங்க.

சொந்த ஊர்ப் பையனைத்தான் எடுக்கணும்னு ரூல் இல்ல. ஆனா சொந்த ஊர்ப் பையனை முதல்ல பார்க்கிற வசதி யாருக்கு இருந்துச்சு? டி.என்.பி.எல். நம்ம வீட்டு வாசல்ல நடக்குது. அதனால டிரைவர்கிட்ட பேச வேண்டிய விஷயம் இருக்கு. தோனி எத்தனாவதா இறங்குனார்ங்கிறது இல்ல அந்த விஷயம். ஆளைத் தேடுறது யாரு, எங்கே போய்த் தேடுறாங்க... இதுதான்.

டல்லாஸ்ல என்ன ஆச்சு?

'மாத்து, மாத்து'ன்னு ரசிகர்கள் கத்தி, நிஜமாவே மாத்துன கதையும் இருக்கு. அமெரிக்காவுல என்.பி.ஏ. கூடைப்பந்து டீம் டல்லாஸ் மேவரிக்ஸ். அங்கே ஆளை எடுக்கிறது, விக்கிறது எல்லாம் ஜெனரல் மேனேஜர் வேலை. அந்த நாற்காலியில இருந்தவர் நிகோ ஹாரிசன். 2025 பிப்ரவரியில அவர் ஒரு காரியம் பண்ணினார். முந்தின வருஷம்தான் டீமை ஃபைனல் வரைக்கும் இழுத்துட்டுப் போன 25 வயசு ஸ்டார் லூகா டான்சிச்சை லேக்கர்ஸ் டீமுக்குக் குடுத்துட்டு, ஆன்டனி டேவிஸை வாங்கிட்டார்.

ஊரே கொந்தளிச்சிருச்சு. ஹோம் மேட்ச் ஒவ்வொண்ணுலயும் 'நிகோவைத் தூக்கு'ன்னு கோஷம். அடுத்த சீசன் ஆரம்பமாகி 11 மேட்ச்ல 8 தோல்வி. 2025 நவம்பர் 11-ம் தேதி அவரைத் தூக்கிட்டாங்க. ரசிகர்களுக்கு ஜெயம்!

ஆனா ஒண்ணு யோசிங்க. ஒன்பது மாசம் கத்தி மேனேஜரைத் தூக்கினப்புறமும் டான்சிச் திரும்பி வரலை. தப்பு நடந்தது டிரேடுல. தண்டனை வந்தது நவம்பர்ல. நாற்காலி காலியானா மனசு ஆறும். ஆனா போன மீன் வலைக்குத் திரும்பாது. ஆளை மாத்துறதை விட, தப்பான முடிவு எடுக்கும்போதே 'ஏன்?'னு கேக்க ஒரு வழி இருந்திருந்தா அந்த ஊர் தப்பிச்சிருக்கும்.

ஓயர் இல்லாத ஃபீட்பேக்

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதுனவங்களுக்கு இது புரியும். மத்தவங்களுக்கு வாஷிங் மெஷின் உதாரணம். துணி வெளுத்துச்சோ இல்லையோ, டைமர் முடிஞ்சா மெஷின் நின்னுடும். அழுக்கு இருக்கான்னு பார்க்கிற சென்சார் கிடையாது. அதுக்குப் பேரு ஓப்பன் லூப். அழுக்கைப் பார்த்து 'இன்னும் சுத்து'ன்னு சொல்ற மெஷின் க்ளோஸ்டு லூப்.

ஐ.பி.எல். டீமும் ரசிகனும் எந்த டைப்? பார்சிலோனா ஃபுட்பால் கிளப்ல உறுப்பினர்களுக்கு ஓட்டு உண்டு. 2020-ல தலைவர் பார்டொமியூ மேல நம்பிக்கை இல்லைன்னு இருபதாயிரத்துக்கும் மேல கையெழுத்து சேர்ந்துச்சு. ஓட்டெடுப்புக்கு முன்னாடியே அவர் ராஜினாமா. இங்கிலாந்து ஃபுட்பால்ல கடைசி மூணு இடத்துக்குப் போனா அடுத்த வருஷம் கீழ் டிவிஷன். அங்கெல்லாம் ஓயர் கனெக்ட் ஆகியிருக்கு.

நம்ம ஊர்ல? பத்தாவது வந்தாலும் அடுத்த வருஷம் அதே லீக்தான். 2023-லேர்ந்து 2027 வரைக்குமான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போச்சு. ஜெயிச்சவனுக்கும் தோத்தவனுக்கும் அதுல பங்கு உண்டு. நமக்கு ஓட்டும் கிடையாது. நம்ம கையில இருக்கிற ஒரே சென்சார் டிக்கெட்டும் டி.வி. ரிமோட்டும்தான். தோத்துக்கிட்டே இருந்தப்பவும் நாம மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு விசில் அடிச்சோம். மெஷின்ல ரீடிங் என்ன காட்டும்? 'எல்லாம் சூப்பர்!' அன்பு தப்பில்ல ஃப்ரெண்ட்ஸ். ஆனா கேள்வி கேக்காத அன்பை நிர்வாகம் சர்டிஃபிகேட்டா ஃபிரேம் போட்டு மாட்டிக்கும்.

நாம கேக்க மறந்த டீம்

இப்போ கொஞ்சம் வலிக்கிற மேட்டர். சென்னை டீமுக்காகத் தொண்டை கிழிய கத்துற தூத்துக்குடிக்குன்னே ஒரு டீம் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? டூட்டி பேட்ரியாட்ஸ்! 2016-ல டி.என்.பி.எல். ஆரம்பிச்ச முதல் வருஷமே சாம்பியன். 2017-ல ஃபைனல் வரைக்கும் போய் சேப்பாக் சூப்பர் கில்லீஸ்கிட்ட தோல்வி. அந்த வருஷம் நம்ம டீமுக்கு ஆடி அசத்தின வாஷிங்டன் சுந்தர், அதே டிசம்பர்ல இந்தியாவுக்கு ஆடிட்டார்.

அந்த டீம் இப்போ எங்கே? 2021 டி.என்.பி.எல்-ல அது சேலம் ஸ்பார்ட்டன்ஸ்! ஊர் பேரே மாறிடுச்சு. கோச்சை மாத்துனா கத்துறோம், கேப்டனை மாத்துனா கத்துறோம். ஒரு ஊரையே மாத்துனாங்க... நம்ம பக்கம் ஒரு சத்தம் வந்துச்சா? உப்பளத்து ரோட்டு ஓரத்துல டென்னிஸ் பால்ல யார்க்கர் போடுற பையன், 'நம்ம ஊர் டீமுக்கு ஆடுவேன்'னு சொல்லிக்கிட்டிருந்தான். இப்போ அவன் எந்த ஊர் பேரைச் சொல்லுவான்?

மேனேஜர் மோசம்னா திட்டவாவது ஒருத்தர் இருக்கார். டீமே இல்லைன்னா திட்டக்கூட ஆள் இல்ல.

அப்போ தீர்ப்பு?

நழுவ மாட்டேன், சொல்லிடுறேன். 2025 முடிஞ்சதும் ஃப்ளெமிங்கையும் சி.இ.ஓ. காசி விஸ்வநாதனையும் தூக்கியிருக்கணும்ங்கிற கட்சியில நான் இல்ல. காரணம், அந்தப் பழைய கோப்பைகள் இல்ல. தப்பு தெரிஞ்சதும் அவங்க திசையை மாத்துனாங்க. சீசன் நடுவுலயே 17 வயசு ஆயுஷ் மாத்ரேவையும் டெவால்ட் பிரெவிஸையும் இறக்கினாங்க. நவம்பர்ல ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பிட்டு சஞ்சு சாம்சனைக் கொண்டு வந்தாங்க. டிசம்பர் ஏலத்துல, இந்தியாவுக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 14.20 கோடி. ஆளை மாத்தாமலே மூளையை மாத்திக்க முடியும்ங்கிறதுக்கு அது ஒரு முயற்சி. சரியா தப்பாங்கிறது ஒரு மேட்ச்ல தெரியாது.

ஆனா 'மாத்தாதே' கட்சியிலயும் நான் இல்ல. எங்க கடல்ல முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, சீசன் அறிவிக்கிறதுக்கு முன்னாடி அரசாங்கம் பார்ல இருந்து சிப்பி எடுத்துப் பார்க்கும். திறந்து, முத்து எவ்வளவு தேறும்னு மதிப்பு போட்டு, அப்புறம்தான் தேதி சொல்லும். 1961-க்கு அப்புறம் அந்தக் குளிப்பே நின்னு போச்சு. பழக்கம் மட்டும் நமக்கு வேணும். வருஷா வருஷம் சிப்பியைத் திறந்து பாருங்க. தமிழ்நாட்டுல எத்தனை பசங்களைப் போய்ப் பார்த்தீங்க, எத்தனை பேரை டிரையலுக்குக் கூப்பிட்டீங்க, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் எப்போ கடைசியா வந்தீங்க? இந்த மூணுக்கும் பதில் இருந்தா நாற்காலியில இருங்க. பதில் இல்லைன்னா, அஞ்சு கோப்பை இருந்தாலும் எழுந்திருங்க.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு டீம் சத்தமில்லாம காணாமப் போயிருக்கா? கபடியோ, வாலிபாலோ, கூடைப்பந்தோ... பேரையும் வருஷத்தையும் எழுதி அனுப்புங்க. மேனேஜரைத் திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம், முதல்ல காணாமப் போனவங்க லிஸ்ட்டைப் போடுவோம்!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம். வர்ட்டா!