ஒரு எழுத்து, 700 ஓட்டு

"படிச்சுப் பார்க்காம ஓட்டுப் போட்டு ஏமாந்தா அது அவன் தலையெழுத்து"ன்னு ஒரு கோஷ்டி இன்னமும் பேசிக்கிட்டுத் திரியுது. அவங்களுக்குத்தான் மக்களே இந்தப் பதிவு.

1979ல இருந்து 1994 வரை நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்கள்ல, வட அயர்லாந்து தவிர்த்த பிரிட்டனில் தொகுதிக்கு ஒரு உறுப்பினர்தான். அப்படி ஒரு தொகுதி 'டெவன் அண்ட் ஈஸ்ட் பிளிமத்'. 1994ல் உருவாகி 1999ல் காணாமல் போனது.

1994 ஜூன் மாதத் தேர்தல் கணக்கைப் பாருங்க. கன்சர்வேடிவ் கட்சி ஜைல்ஸ் சிசெஸ்டர் 74,953. லிபரல் டெமாக்ரட் ஏட்ரியன் சாண்டர்ஸ் 74,253. வித்தியாசம் வெறும் 700. இடையில் ரிச்சர்ட் ஹகெட்னு ஒருத்தர், தன் பெயருக்கு நேரா 'லிட்டரல் டெமாக்ரட்'னு போட்டுக்கிட்டு 10,203 ஓட்டு வாங்கினார். லிபரல், லிட்டரல். இங்கிலீஷ்ல எழுதினா ஒரே ஒரு எழுத்து மாறுது, அவ்ளோதான்!

அதோட விட்டாங்களா? சீட்டில் பெயர்கள் அகர வரிசைப்படி. அதனால ஹகெட் மேலே, சாண்டர்ஸ் கீழே. கட்சிச் சின்னமும் கிடையாது. பழக்கமான சொல்லைத் தேடி மேலிருந்து கீழே போற கண்ணு எங்கே நிக்கும்னு சொல்லணுமா என்ன?

"தெரிஞ்சே போட்டிருக்கலாமே"ன்னு கேப்பீங்க. போட்டிருக்கலாம். ஆனா 10,203 பேர்ல நூத்துக்கு ஏழு பேர் குழம்பி இருந்தாலே முடிவு தலைகீழ். மீதி 93 பேர் தெளிவாத்தான் போட்டாங்கன்னே வெச்சுக்குங்க, அப்பவும் கதை அதேதான்.

சாண்டர்ஸ் தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு. வழக்கு தள்ளுபடி. அன்னிக்குச் சட்டத்தில் கட்சிப் பெயரைப் பதிவு பண்ற ஏற்பாடே இல்லை. ஆறு வார்த்தைக்குள்ள வேட்பாளர் தன்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கலாம். தேர்தல் அதிகாரி படிவம் சரியா இருக்கான்னு பார்ப்பார், அவ்வளவே. கோர்ட் சட்டப்படி சொன்னது சரி. அந்தச் சட்டம் சரியா?

நம்ம நாட்டுல 1951-52 முதல் பொதுத்தேர்தல்லயே சின்னம் வந்தாச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்காகன்னு நாம நினைச்ச ஏற்பாடு, நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்ச டெவன்காரருக்கும் தேவைப்பட்டிருக்கு பாருங்க :-)

இதே ஹகெட் 1997ல் வின்செஸ்டர் தொகுதியிலும் லிபரல் டெமாக்ரட் பெயரை ஒட்டியே நின்னார். அங்கே அசல் லிபரல் டெமாக்ரட் ஜெயிச்சது 2 ஓட்டில்! அப்புறம்தான் 1998ல் அரசியல் கட்சிகள் பதிவுச் சட்டம் வந்தது. குழப்பும் பெயருக்குத் தடை, சீட்டில் சின்னத்துக்கு இடம்.

இப்ப அந்தக் கோஷ்டிக்கு என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். தப்பு ஓட்டுப் போட்டவன் மேலேன்னா, எதுக்குய்யா சட்டத்தை மாத்தினாங்க?