குரல்வழுப் பழிப்பார்க்கு மறுப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இசைப்பதிவுக் கலைஞர்க்கு ஆண்டுதோறும் வழங்கப்பெறும் கிராமி என்னும் விருது 1959ஆம் ஆண்டில் தொடங்கியது. 1971 முதலாக அவ்விழா நிகழும்பொழுதே தொலைக்காட்சி வாயிலாகக் காட்டப்பெற்று வருகின்றது. விருது பெற்றார் யாவர் என்பதினும், அவ்வரங்கில் நேர்நின்று பாடினார் எங்ஙனம் பாடினர் என்பதே மறுநாள் காண்போர் வாயிற் பெரிதும் அடிபடுவதாம். பாடுவார் குரல் சிறிது பிறழ்ந்துவிடின், "இவர்க்குப் பாடவே தெரியாது, பதிவிற் கேட்டதெல்லாம் பொறியின் வித்தை" என எள்ளி நகையாடுதல் பெருவழக்காயிற்று. இது தகாதென்பார்க்கு அவர் கூறும் விடை ஒன்றுண்டு. "பெரும்பொருள் பெற்றுப் பாடுவார் வழுவின்றிப் பாடக் கடவர், வழுவினாரை இகழ்தல் கேட்போர் உரிமை" என்பதே அது. இக்கூற்று முதற்கண் நேரியதுபோற் றோன்றினும், ஆராயுமிடத்துத் தன்னைத் தானே அழித்துக்கொள்வதாதலின், அதனை ஈண்டு மறுக்கப் புகுந்தாம்.

வழுவின்மையே நற்பாட்டிற்கு இலக்கணம் என்பது அவர் கொள்கையாயின், அவ்விலக்கணம் அதிவியாப்தி என்னும் குற்றமுடைத்து. என்னை? பாடாதார்மாட்டும் அது சென்று பொருந்துதலின். 1990ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்த கிராமி விழாவிலே, மில்லி வனில்லி என்னும் பெயரால் விளங்கிய ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வான் என்னும் இருவரும் ஆடிப் பாடினர்போல நின்றனர். சிறந்த புதுக் கலைஞர்க்குரிய விருதும் பெற்றனர். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், அவர்தம் இசைப்பதிவை ஆக்கிய ஃபிராங்க் ஃபாரியன் என்பார், அவ்விருவரும் அப்பதிவில் ஒரு சொல்லும் பாடினாரல்லர் என்று வெளிப்பட உரைத்தார். உண்மையிற் பாடினார் சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் முதலிய பிறர். விழாவரங்கிலும் பிறர் குரலே ஒலித்தது. இவர் வாய்மட்டும் அசைந்தது. சில நாளில் விருதும் பறிக்கப்பட்டது.

இனி, அவ்விழாவன்று அவ்விருவர் வாயினின்று ஒரு வழுவேனும் பிறந்ததோ? பிறந்திலது. பிறத்தற்கு இடமே இல்லை. பதிவு செய்த ஒலி ஒருகாலத்தும் சுருதி பிறழாது, மூச்சு முட்டாது, நடுங்காது. ஆகவே, வழுவின்மையொன்றையே அளவையாகக் கொண்டார்க்கு வாயசைத்தாரே தலையாய பாடகராய் முடிவர். இம்முடிபினை எதிர்பக்கத்தாரும் உடன்படார். உடன்படாராயின், தம் அளவையைக் கைவிடுதலே செயற்பாலது.

"யாம் ஏமாற்றப்பட்டேம், எம்மேற் குற்றம் யாது?" என அவர் வினவுவர். ஏமாற்றினார் குற்றம் பெரிது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் 1989ஆம் ஆண்டிலேயே, கனெக்டிகட் நாட்டுப் பிரிஸ்டல் என்னும் ஊரில் அவ்விருவர் மேடையில் நின்றபொழுது, ஓடிக்கொண்டிருந்த பதிவு இடறி ஒரே தொடரை மீட்டும் மீட்டும் ஒலித்தது. பிலாட்டஸ் மேடைவிட்டு ஓடினார். கூட்டத்தார் அதனைப் பெரிதாகக் கொண்டிலர் என்பர் அங்கிருந்தார். செவி தெளிவாகச் சான்று பகர்ந்தும், சடைத்த முடியும் ஆடல்வனப்பும் கண்டு மயங்கிய கண் அச்சான்றினைத் தள்ளிற்று. காட்சியளவையிற் றிரிபு புகுதலை நூல்களிற் கற்கின்றோம். கண்ணே செவியைத் திரிபுறச் செய்தலுக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

அவ்விலக்கணம் அவ்வியாப்திக் குற்றமும் உடைத்து; நற்பாட்டென அவரே கொண்டாடியதையும் அது புறந்தள்ளுமாகலின். 2016 பிப்ரவரியில் ஆங்கிலப் பாடகியார் அடெல் அதே விழாவிற் பாடுங்கால், பியானோவின்மேல் வைத்த ஒலிவாங்கிகள் நரம்புகளின்மேல் வீழ்ந்து கலக்கவொலி எழுந்தது. அம்மையார் பாட்டை நிறுத்தாது முடித்தார். குரல் விலகிற்றென்று பலர் இகழ்ந்தனர். மறுநாளெல்லாம் அழுதேன் என்று அவரே பின்னர்ச் சொன்னார். ஓராண்டு கழித்து, 2017 பிப்ரவரி 12ஆம் நாள், முந்திய டிசம்பரில் மறைந்த ஜார்ஜ் மைக்கேல் என்னும் பாடகரை நினைந்து பாடத் தொடங்கிச் சிறிது சென்றதும், பாட்டுச் செவ்வனே அமையவில்லையென உணர்ந்து இடையே நிறுத்தினார். (ஒரு கடுஞ்சொல்லும் அவர் வாயினின்று போந்தது, அதனைப் புகழேம்.) அவர்பொருட்டு இதனைக் கெடுத்தலாகாது எனக் கூறி மன்னிப்பு வேண்டி, முதலிலிருந்து மீளப் பாடினார். அவையோர் எழுந்து நின்று ஆர்த்தனர். வழுவென்று பார்த்தால் முந்திய ஆண்டினும் இவ்வாண்டின் வழுவே பெரிது. அன்று பாட்டு நின்றதில்லை, இன்று நின்றது. பெரிய வழுவுக்குப் புகழும் சிறிய வழுவுக்கு இகழும் அளித்தார் எந்த அளவைகொண்டு அளந்தனர்? பாடுவார் மெய்யாகவே பாடுகின்றார் என்பது கண்முன் புலப்பட்டவிடத்து அவர் நெஞ்சு இளகியது என்பதன்றி வேறு காரணம் கூறவியலாது.

இகழ்ச்சியின் பயன் யாதென்பதே இனிக் காணற்பாலது. 1997இல் ஆண்டி ஹில்டபிராண்ட் என்பார், குரலின் சுருதிப் பிழையைத் தானே திருத்தும் ஆட்டோடியூன் என்னும் கணிப்பொறி முறையொன்றை வெளியிட்டார். அவர் முன்னர் நிலத்தடியில் எண்ணெய் நாடுவார்க்காக ஒலியலைகளை ஆய்ந்தவர்! அக்கருவி பதிவறையில் மட்டுமன்றி மேடையிலும் இற்றைநாளிற் பயிலுகின்றது. ஒரு பிறழ்ச்சிக்கு ஓராண்டு ஏச்சு விளையுமாயின், அஞ்சிய பாடகர் பொறியின் பின்னும் பதிவின் பின்னும் ஒளிதல் இயல்பே. வழுவைப் பொறாதார் வஞ்சத்தை வளர்க்கின்றனர். வளர்ந்த பின்னர் அவரே அதன்மேற் சினமுங் கொள்கின்றனர். இது விதைத்தவனே விளைவை வைதல் போலும்.

"அற்றேல், குறை கண்டவிடத்து வாய்திறத்தலே கூடாதோ?" எனின், அற்றன்று. 2010 ஜனவரி 31ஆம் நாள் டெய்லர் ஸ்விஃப்ட் என்பார் மூத்த பாடகியார் ஸ்டீவி நிக்ஸோடு இணைந்து பாடியபொழுது சுருதி விலகியது மெய். அதனை எடுத்துக் கூறினார் பொய் கூறினாரல்லர். 'இவ்விடத்துச் சுருதி விலகிற்று' என்பது ஆராய்ச்சி. 'இவள் பாடகியல்லள், ஒழிக' என்பது ஆராய்ச்சியன்று. 2012இல் அவரே அவ்விழாவில், தம்மைப் பழித்தாரை நோக்கி எழுந்ததெனப் பலருங் கொள்ளும் பாட்டினைப் பாடி அவையை எழுப்பினார். அப்பாட்டிற்கு அன்று இரு விருதுகளும் எய்தின. ஒழிக என்றார் சொல் பலித்திருப்பின் இது நிகழ்ந்திராது.

நேர்நின்று பாடுதலின் அருமையை 1998 பிப்ரவரி 25ஆம் நாள் நியூயார்க்கிற் கண்டார் நன்கு அறிவர். இத்தாலியப் பாடகர் லுசியானோ பவரொட்டி உடல்நலங் குன்றி வாராதொழிய, புச்சினியின் இசைநாடகப் பாட்டை, ஆண்குரலுக்கென அமைத்த அதே சுருதியில், மிகக் குறுகிய பொழுதிற் றுணிந்து ஏற்றுப் பாடினார் அரீத்தா ஃபிராங்க்ளின். இரு நாள் முன்னரே அவர் அதனை வேறோர் அவையிற் பாடியிருந்தார் என்பதும் உண்மை. எனினும், வாய்ப்புக் கேடு நிகழக்கூடிய இடத்தில் அது நிகழாமை கண்டே அவையோர் எழுந்தனர். நிகழவே மாட்டாத இடத்து எழுதற்கு யாதுளது?

மில்லி வனில்லி பதிவினை வாங்கினார் வழக்குத் தொடுத்தனர். பொருளில் ஒரு பகுதி மீட்டுக் கொடுத்தற்கு 1991இல் உடன்பாடாயிற்று. விருதோ, உண்மையிற் பாடின ஷாவுக்கும் டேவிஸுக்கும் ஹோவெலுக்கும் சென்றதில்லை. அவ்விருதுக்கு உடன்போட்டியிட்டுத் தம் வாயாற் பாடிய இண்டிகோ கேர்ள்ஸ், நெனே செரி முதலியோர்க்கும் சென்றதில்லை. பொருளை மீட்கக் கேட்டார் பலர். அவ்விடம் வெறிதே கிடக்கின்றது.