கணவருக்கு ஒரு விரதம், மகனுக்கு ஒரு விரதம்... பஞ்சாபி காலண்டரில் மகளுக்கு என்ன இருக்கிறது?

2025 ஜனவரியில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வித்தியாசமான பொதுநல மனு வந்தது. கர்வா சௌத் விரதத்தை எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், லிவ்-இன் உறவில் இருப்பவர் என யாருக்கும் விலக்கு கிடையாது. இதெல்லாம் சட்டம் இயற்றும் அவைகளின் வேலை என்று நீதிபதிகள் சொல்ல, மனு வாபஸ் ஆனது. 1,000 ரூபாய் செலவுத் தொகை கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

விரதம் இருக்கச் சொல்லி சட்டமா? மீம் போட ஏற்ற செய்திதான். ஆனால் அந்த மனு சுட்டிக்காட்டிய குறை சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. கணவரை இழந்த பெண்களை இந்த விரதத்தில் சேர்த்துக்கொள்வதில்லை என்பதுதான் அது. மனுதாரர் கேட்ட தீர்வு அபத்தம். கிளப்பிய பிரச்சினை நிஜம். அதைப் புரிந்துகொள்ள பஞ்சாபி இந்துக்களின் காலண்டரைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

சூரியன் ஒரு கணக்கு, நிலா ஒரு கணக்கு

அங்கே பண்டிகைகள் வருவது விக்ரமி ஆண்டுக் கணக்குப்படி. மாதப் பிறப்பு சூரியனை வைத்து. அதற்கு சங்கராந்த் என்று பெயர். தமிழ் மாதங்களுக்கும் இதே முறைதான் என்பதால் நமக்குப் புரிவது சுலபம். அவர்களின் வைசாக் மாதம் பிறக்கும் பைசாகியும் சித்திரை 1-ம் ஒரே சூரியப் பெயர்ச்சி. மார்கழி அங்கே போஹ், தை அங்கே மாக். போஹ் மாதத்தின் கடைசி இரவில் அவர்கள் லோஹ்ரி தீ மூட்டுகிறார்கள். மார்கழியின் கடைசி நாளில் இங்கே போகி எரிகிறது.

விரதங்கள் மட்டும் நிலாவின் கணக்கு. பௌர்ணமிக்கு மறுநாளே அடுத்த சந்திர மாதம் தொடங்கிவிடும். அதனால் ஒரே நாள் இரண்டு மாதங்களில் இருக்கும். 2025-ல் கர்வா சௌத் அக்டோபர் 10 அன்று வந்தது. நிலாக் கணக்கில் அது கத்தக் மாதத் தேய்பிறை சதுர்த்தி. சூரியக் கணக்கில் அப்போது அஸ்ஸு மாதமே முடியவில்லை. தமிழ் காலண்டரில் அது புரட்டாசி, சங்கடஹர சதுர்த்தி. இங்கேயும் அன்றைக்கு நிலா பார்த்துத்தான் விரதம் முடிப்பார்கள். ஆனால் அது பிள்ளையாருக்கு.

சல்லடைக்குப் பின்னால் என்ன?

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் கர்வா சௌத்தை அறிமுகப்படுத்தியது இந்தி சினிமாதான். மொட்டை மாடி, சிவப்புப் புடவை, சல்லடை வழியாக நிலா, அப்புறம் கணவரின் முகம். 1995-ல் வந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ படத்தில் ஷாருக்கானின் ராஜும் காதலிக்காகப் பட்டினி கிடப்பான். அன்றிலிருந்து “நானும் உனக்காக ஃபாஸ்டிங்” என்பது ரொமான்ஸ் ஆகிவிட்டது. இப்போது ரீல்ஸ் முழுக்க அதுதான்.

படத்தில் அதிகம் காட்டாதது மதியம் நடப்பது. விடியும் முன் மாமியார் தரும் சர்கி உணவைச் சாப்பிட்டுவிட்டு, அதன்பின் தண்ணீர்கூட குடிக்காத பெண்கள், தெருவில் ஒரு வீட்டில் வட்டமாக உட்கார்கிறார்கள். கல்யாணப் புடவையோ, அதற்கு இணையான ஒன்றோ கட்டியிருப்பார்கள். பூஜைத் தட்டுகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பாடுகிறார்கள். நடுவே வீராவதி கதை. ஏழு அண்ணன்களுக்கு ஒரே தங்கை. பசியில் வாடும் அவளைப் பார்க்கப் பொறுக்காமல், அண்ணன்கள் பொய்யாக ஒரு வெளிச்சத்தைக் காட்டி நிலா வந்துவிட்டது என்கிறார்கள். அவள் நம்பிச் சாப்பிடுகிறாள். அந்தப் பக்கம் கணவன் உயிர் போகிறது. ஏமாற்றியது அண்ணன்கள், தண்டனை அவளுக்கு. அதன்பின் அவள் பாடுபட்டு, கடைசியில் கணவனை மீட்பதுதான் மீதிக் கதை.

சாதாரண நாள்களில் வேலை, வீடு என்று ஓடும் பெண்களுக்கு அந்த வட்டம் வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கும் ஜாலி. மருதாணி, பாட்டு, கிண்டல், புதுத் துணி. பலர் விரும்பித்தான் இருக்கிறார்கள். இதை வெறும் அடிமைத்தனம் என்று ட்வீட் போட்டுவிட்டுப் போவது சோம்பேறித்தனம். ஆனால் அதே தெருவில் போன வருஷம்வரை அந்த வட்டத்தில் பாடிய ஒரு பெண், கணவர் இறந்துவிட்டார் என்பதால் இந்த வருஷம் கதவுக்கு உள்ளேயே இருக்கிறார். கணவரும் சேர்ந்து பட்டினி கிடக்கும் க்யூட் வீடியோவால் அந்த வீட்டுக் கதவு திறக்கப் போவதில்லை.

தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு நீட்டி முழக்கவும் முடியாது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் இங்கே காரடையான் நோன்பு இருக்கிறது. அதுவும் கணவருக்காக. அங்கேயும் கணவரை இழந்தவருக்கு மஞ்சள் சரடு கிடையாது.

நான்கு நாள் கழித்து இன்னொரு விரதம்

கர்வா சௌத் முடிந்து நான்காவது நாள் அஹோய் அஷ்டமி. சினிமாவுக்கு வராததால் இதன் பெயர் வெளியே தெரியாது. தாய்மார்கள் மகன்களுக்காக இருக்கும் விரதம் இது. இந்த முறை நிலாவுக்குப் பதில் பெரும்பாலும் நட்சத்திரம் பார்த்து முடிப்பார்கள். சுவரில் அஹோய் மாதாவின் உருவம் வரைவார்கள். மண் வெட்டப் போன இடத்தில் தெரியாமல் ஒரு விலங்கின் குட்டியைக் கொன்றுவிட்ட பெண், தன் ஏழு மகன்களை இழந்து, இந்த விரதத்தால் அவர்களைத் திரும்பப் பெறுவது கதை. இப்போது பல வீடுகளில் “குழந்தைகளுக்காக” என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கதையில் ஏழு பேரும் மகன்கள்தான்.

ராக்கியும் தீபாவளிக்குப் பின் வரும் டிக்காவும் சகோதரர்களுக்கு. ஆக, கணவர், மகன், சகோதரர் என எல்லோருக்கும் காலண்டரில் தேதி இருக்கிறது. மகளுக்கு?

இருக்கிறது. சாவன் மாதத்துத் தீயான் இருக்கிறது. கல்யாணமான பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்து ஊஞ்சல் ஆடி, கித்தா ஆடும் நாள்கள். பட்டினி அதன் மையம் இல்லை. மருமகளாக இல்லாமல் மகளாக இருக்கக் கிடைக்கும் நேரம். அப்புறம் கஞ்சக். சேத், அஸ்ஸு என இரண்டு மாத நவராத்திரியிலும் அஷ்டமி அல்லது நவமி காலையில் அக்கம்பக்கத்துச் சிறுமிகளை வீட்டுக்கு அழைத்து, கால் கழுவி, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டி, பூரி, அல்வா, கறுப்புக் கொண்டைக்கடலை கொடுப்பார்கள். அன்றைக்கு அவர்கள்தான் தேவி. கையில் காசும் வளையலும் வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஓடும் அந்தச் சிறுமிகளுக்கு அது செம வசூல் நாள்.

இந்த இடத்தில்தான் ஒரு எண் வந்து நிற்கிறது. 798. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பஞ்சாபில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு இருந்த பெண் குழந்தைகள் அவ்வளவுதான். அப்போது இந்தியா முழுமைக்கும் 927. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து கலைப்பதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்தும் இந்த நிலை. 2011-ல் 846 ஆக உயர்ந்தது, அப்போதும் தேசிய சராசரிக்குக் கீழேதான். வருஷத்துக்கு இரண்டு முறை சிறுமியின் காலைக் கழுவும் மாநிலத்தில் இது நடந்தது. பண்டிகைதான் காரணம் என்று சொல்ல முடியாது. வரதட்சணை, நிலம் பிரிவது, ஸ்கேன் மெஷின் எல்லாம் உண்டு. ஆனால் மகனுக்கு விரதம், மகளுக்கு ஒரு காலை பூரி என்று வருஷா வருஷம் பார்த்து வளரும் குழந்தைக்கு யார் முக்கியம் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லோஹ்ரியில் என்ன மாறியது?

“பாரம்பரியத்தில் கை வைக்கக் கூடாது” என்பவர்களுக்கு பதில் அதே காலண்டரில் இருக்கிறது. லோஹ்ரியில் பாடப்படும் நாயகன் துல்லா பட்டி, அக்பர் காலத்தில் மொகலாய ஆட்சியை எதிர்த்தவன். சுந்தரி, முந்தரி என்ற இரண்டு பெண்களைக் காப்பாற்றி, தகப்பன் இடத்தில் நின்று கல்யாணம் செய்துவைத்தவன் என்கிறது நாட்டார் கதை. பெண்களைக் காத்தவனைப் பாடிக்கொண்டே, பையன் பிறந்த வீட்டில்தான் முதல் லோஹ்ரியைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். பெண் பிறந்த வீட்டில் சத்தமே இருக்காது.

இன்றைக்கு ‘தீயாங் தி லோஹ்ரி’, அதாவது மகள்களின் லோஹ்ரி, பஞ்சாபில் பரவலாக நடக்கிறது. வீடுகளில், பள்ளிகளில், அரசு நிகழ்ச்சிகளாகவும்கூட. அதே தீ, அதே எள், வேர்க்கடலை, ரேவ்ரி மிட்டாய். அதே துல்லா பட்டி பாட்டு. போஹ் மாதத்தின் கடைசி இரவு என்ற கணக்கிலும் மாற்றம் இல்லை. யாரும் நீதிமன்றத்துக்குப் போய் இதைக் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. பெண் குழந்தை பிறந்த வீட்டிலும் தீ மூட்ட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

அஹோய் கதையில் ஒரு மகளைச் சேர்க்கவோ, கர்வா சௌத் மதியத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிடவோ பஞ்சாங்கத்தில் எந்தத் தடையும் எழுதியில்லை. நிலா எத்தனை மணிக்கு வரும் என்றுதான் அதில் இருக்கிறது.