சொல் ஒன்று, தொழில் பல

ஆங்கிலம் கடினம் என்று ஒரு முறையேனும் பெருமூச்சு விடாத மாணவி நம்மிடையே இல்லை எனலாம். எழுத்துகள் 26 மட்டுமே. பெயர்ச்சொல், வினைச்சொல் என்னும் இலக்கணமும் நமக்குப் புதியதன்று. ஆயினும் ஆங்கிலப் பாடவேளைக்கு மணி அடித்ததும் நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. குறை மொழியிலா? நம் அறிவிலா? இரண்டிலும் இல்லை, நாம் படிக்கும் முறையில்தான் குறை என்பது எங்கள் கருத்து.

சென்ற தவக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியே எங்களை இவ்வாறு சிந்திக்க வைத்தது. திருநீற்றுப் புதன் ஒரு 'ஃபாஸ்ட் டே' என்னும் ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொல்லுமாறு ஆசிரியை கேட்டார்கள். தோழி ஒருத்தி எழுந்து, "திருநீற்றுப் புதன் ஒரு வேகமான நாள்" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. முகம் வாடி அமர்ந்தவள், அதன் பின் பல நாட்கள் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவில்லை.

சிரித்தவர்களுள் நாங்களும் இருந்தோம். மறுநாள் எங்கள் சொற்பொருள் நோட்டைப் புரட்டினோம். 'ஃபாஸ்ட் – வேகமான' என்று ஒரே ஒரு பொருள்தான் அதில் இருந்தது! எல்லோரும் மனப்பாடம் செய்திருந்ததை அவள் பிழையின்றி ஒப்புவித்தாள், அவ்வளவே. எங்களைக் கேட்டிருந்தால் நாங்களும் அதையே சொல்லியிருப்போம்.

அந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'ஃபாஸ்ட் ட்ரெயின்' என்றால் விரைவான இரயில். இங்கே அது பெயரடை. 'ரன் ஃபாஸ்ட்' என்றால் வேகமாக ஓடு, இங்கே வினையடை. 'வீ ஃபாஸ்ட்' என்றால் நாம் நோன்பிருக்கிறோம், இங்கே வினைச்சொல். 'எ லாங் ஃபாஸ்ட்' என்றால் நீண்ட நோன்பு, இங்கே பெயர்ச்சொல். துணிக்கடையில் 'ஃபாஸ்ட் கலர்' என்கிறார்களே, அது வேகமான நிறமா? அன்று, சாயம் போகாத, உறுதியான நிறம். உண்மையில் 'உறுதியான' என்பதே இச்சொல்லின் பழைய பொருள். கட்டளையை உறுதியாகப் பற்றி நிற்பது நோன்பாயிற்று. தளராமல் உறுதியோடு ஓடுவதிலிருந்து வேகம் என்னும் பொருள் பின்னர் பிறந்தது. நோன்பும் வேகமும் ஒரு தாய் மக்கள் என்று அறியும்போது வியப்பாக இருக்கிறதல்லவா?

இதற்கு மாறானதும் உண்டு. நாம் காணும் திருப்பலியும் 'மாஸ்'. இயற்பியலில் படிக்கும் நிறையும் 'மாஸ்'. எழுத்தும் ஒலியும் ஒன்றே. ஆனால் முன்னது 'மிஸ்ஸா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பின்னது கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. உருவத்தில் இரட்டையர், உறவில் அந்நியர்!

சொல்லின் வாலை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 'லி' என்று முடிந்தால் வினையடை என்று நாம் எண்ணுகிறோம். 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' ஆகியவை பெயரடைகள் அன்றோ? 'ஹார்ட்' என்பதே கடினமாக என்று வினையடையாகவும் வரும். அதனோடு 'லி' சேர்த்தால் பொருளே தலைகீழாகிவிடும். மதிப்பெண் குறைந்த ஒருத்தி, 'ஐ ஸ்டடீட் ஹார்ட்லி' என்றாளாம். கடினமாகப் படித்தேன் என்று சொல்ல நினைத்து, படிக்கவேயில்லை என்று தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டாள்!

தமிழில் மட்டும் நமக்கு இந்தத் தடுமாற்றம் ஏன் இல்லை? அங்கும் ஒரு சொல் பல தொழில் செய்கிறதே! 'படியில் அமர்ந்து படி. ஆசிரியை சொன்னபடி ஒரு படி எடு' என்றால் நான்கு 'படி'யும் நமக்குத் தெளிவாகப் புரிகின்றன. கடைக்காரர் 'ஒரு படி அரிசி' என்றால் சிறு குழந்தையும் மயங்குவதில்லை. காரணம் எளியது. தமிழை நாம் வாக்கியங்களாகக் கேட்டு வளர்ந்தோம். ஆங்கிலத்தையோ பட்டியலாக விழுங்குகிறோம்.

பட்டியலை மனப்பாடம் செய்தால்தானே மதிப்பெண் கிடைக்கும் என்று சிலர் கேட்கலாம். சொற்பொருள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்ற எண்ணம்தான் வேண்டாம் என்கிறோம். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில், சொல்லின் பொருள்களைப் பிரித்துக் காட்டியதோடு, நூலாசிரியர்களின் வாக்கியங்களையும் சான்றாகத் தந்தார். அதற்கு முன்பே, 1732-இல், இத்தாலியிலிருந்து வந்த நம் வீரமாமுனிவர் தமிழுக்குச் சதுரகராதி தந்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகச் சொற்களை வகுத்தார். அந்நிய மொழியைக் கற்றவர், அந்த மொழியாருக்கே அகராதி செய்தார் என்றால், வெறும் பட்டியலை உருப்போட்டா அதைச் சாதித்திருப்பார்?

ஆகவே தோழியரே, நம் நோட்டில் இனி மூன்று பத்திகள் இருக்கட்டும். முதலில் சொல், அடுத்து அது செய்யும் தொழில், மூன்றாவதாக நாமே அமைத்த வாக்கியம். நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். பெற்றோர்களே, "இன்று எத்தனை சொற்கள் மனப்பாடம் செய்தாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "ஒரு சொல்லை வைத்து எத்தனை வாக்கியம் அமைப்பாய்?" என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிழை செய்பவளைப் பார்த்துச் சிரிப்பதை நாம் விட்டுவிட வேண்டும். பேசத் துணிந்தவளே பிழை செய்கிறாள். பயந்து வாய் மூடியவள் பிழையும் செய்வதில்லை, மொழியும் கற்பதில்லை. அந்தத் தோழியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவளும் புன்னகையோடு, "அடுத்த தவக்காலம் வேகமாக வரட்டும், சரியாகச் சொல்கிறேன்" என்றாள்.

சொல் தனியே நின்றால் பொருள் மயங்கும். மற்றச் சொற்களோடு சேர்ந்து நிற்கையில் அதன் பணி விளங்கும். நமக்கும் அப்படியே. ஒருவரையொருவர் தாங்கிக் கற்போம். இறைவன் அருளால் வெல்வோம்!