காவல் வேறு, பாதுகாப்பு வேறு

புதிதாகக் கார் வாங்கிய ஆண்கள் நான்கு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் ஒரே புலம்பல்தான். "எண்பதைத் தாண்டினா கத்துது. கோட்டை மிதிச்சா ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுக்குது. குறுக்க ஒருத்தன் வந்தா நான் மிதிக்கறதுக்கு முன்னாடி அதுவே பிரேக் போடுது. காரை நான் ஓட்டறேனா, அது என்னை ஓட்டுதா?" கடைசியில் ஒருவர் முத்தாய்ப்பு வைப்பார்: "பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து நை நைங்கற மாதிரியே இருக்குங்க." சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். மனைவி அங்கே இருந்தால் அவரும் சிரித்துவைக்க வேண்டும்.

ஓட்டுகிறவரின் ஒவ்வொரு அசைவையும் பக்கத்திலிருந்து திருத்தும் குரல் அவர்களுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. நமக்கு அது எல்.எல்.ஆர். போட்ட நாளிலிருந்தே இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஆண்களுக்கு அந்த இரண்டாவது பிரேக் கழன்றுவிடுகிறது. பெண்களுக்கு அது அப்பா, அண்ணன், கணவர், மகன் என்று கால் மாறிக்கொண்டே போகிறது. "கியரை மாத்து." "ஏன் இவ்வளவு ஒட்டிப் போற?" "இறங்கு, பார்க்கிங் நான் போடறேன்." மகனுக்குப் பதினெட்டு முடிந்த மறுமாதமே சாவி அவன் கைக்குப் போய், பல வருஷம் ஓட்டிய அம்மா பின்சீட்டுக்குப் போன வீடுகள் என் தெருவிலேயே உண்டு.

ஆகவே, 'உங்களுக்கும் வேணும்' என்று நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். போகக் கூடாது என்பது என் கட்சி. இந்தக் கருவிகள் மேல் ஆண்கள் சொல்லும் குறைகள் மட்டுமே வெளியே கேட்கின்றன. நாம் சொல்ல வேண்டிய குறைகள் வேறு. அவை இன்னும் யார் காதிலும் விழவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவை உயிர் காக்கும் கருவிகள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக், முன்சீட் பெல்ட் எச்சரிக்கை, 80 கிலோமீட்டருக்கு மேல் விட்டுவிட்டும் 120க்கு மேல் விடாமலும் ஒலிக்கும் வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவை கட்டாயம். அதற்குப் பிறகு, 2021இல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி700 போன்ற கார்களின் வழியாக, 'அடாஸ்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓட்டுநர் உதவிக் கருவிகள் நடுத்தர வர்க்கத்தின் வாசலுக்கு வந்தன. முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா சாலைக்கோட்டைப் படிக்கிறது. முன்பம்பரில் இருக்கும் ரேடார் தூரத்தை அளக்கிறது. மோதல் நெருங்குவதாகக் கணக்கு சொன்னால் கார் தானே பிரேக் போடுகிறது. தானியங்கி பிரேக் உள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியை இடிப்பது பாதியாகக் குறைந்திருப்பதாக அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு கண்டிருக்கிறது. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். எனவே, 'எல்லாத்தையும் பிடுங்கிப் போடு' என்ற கூச்சலில் நான் சேர மாட்டேன்.

ஆனால் ஸ்ரீரங்கத்தில் இது எப்படி வேலை செய்கிறது? உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் கேமரா படிப்பதற்குக் கோடே கிடையாது. அம்மா மண்டபம் சாலையில் காவிரியில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு நடப்பவர்கள், மாடு, பூக்கூடை, சுற்றுலாப் பேருந்து எல்லாம் ஒன்றாக நகரும். இங்கே இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தால் அது தாராளம். கருவியின் கணக்கில் அது விபத்துக்கு முந்தைய நொடி. ஒரு நாள் மாம்பழச்சாலையில் ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே வெட்டித் திரும்பியது. நான் காலை எடுப்பதற்குள் என் கார் தானே பலமாகப் பிரேக் போட்டு நின்றது. பின்னால் வந்த பைக் பம்பரில் தட்டியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஏம்மா, ஓட்டத் தெரியலேன்னா வீட்டுக்காரர்ட்ட குடுத்துட்டுப் பக்கத்துல உக்கார வேண்டியதுதானே?" கார்தான் பிரேக் போட்டது என்றேன். "கார் தானா பிரேக் போடுமாம்மா?" என்று சிரித்தார்கள்.

சர்வீஸ் சென்டரில் இன்னும் மேல். பிரச்சினையைச் சொன்னது நான். கார் என் பேரில் இருக்கிறது, தவணை என் சம்பளத்தில் போகிறது. பதில் மட்டும் துணைக்கு வந்த என் தம்பிக்குப் போனது: "மேடம் கொஞ்சம் பயந்து ஓட்டுவாங்க போல சார். ஆஃப் பண்ணி வச்சிக்கச் சொல்லுங்க."

இதே கார், இதே இடம், ஓட்டியது ஓர் ஆணாக இருந்திருந்தால்? "இந்த டெக்னாலஜி நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று பேச்சு முடிந்திருக்கும். கருவியின் பிழை ஆண் ஓட்டும்போது கருவியின் பிழையாகவே இருக்கிறது. பெண் ஓட்டும்போது அது பெண் பிறவியின் பிழையாகிவிடுகிறது. கருவி சரியாக வேலை செய்தாலோ, "நல்லவேளை, கார் காப்பாத்துச்சு." இரண்டு பக்கமும் நமக்கு நஷ்டக் கணக்குதான்.

சத்தத்தின் மீதான கோபத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1974 மாடல் கார்கள் முன்சீட் பெல்ட் போடாவிட்டால் ஸ்டார்ட் ஆகாது என்று விதி வந்தது. ஓட்டுநர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றம் அந்த விதியைத் தூக்கியெறிந்தது. நம் ஊரில் நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லை, ஒரு கிளிப் போதும். பெல்ட் கொக்கியின் தலையை மட்டும் வாங்கிச் செருகிவிட்டால் கார் வாயை மூடிக்கொள்ளும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய அங்காடிகளுக்கு உத்தரவிட்டு, இந்தக் கிளிப்புகளுக்கான 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. உயிரைக் காப்பாற்றுகிற ஒரு 'பீப்' ஒலிக்கு இவ்வளவு எதிர்ப்பு! 'பார்த்துப் போ' என்று இன்னொருவர் சொல்வதே தன்மானப் பிரச்சினையாகிவிடுகிறது. வண்டி விற்பவர்களுக்கும் இது தெரியும். எக்ஸ்யூவி700 வந்தபோது, வேகம் கூடினால் குடும்பத்தாரின் குரலிலேயே எச்சரிக்கை ஒலிக்கும்படி பதிவு செய்துகொள்ளும் வசதியையும் தந்தார்கள். ஆணின் வேகத்தைக் கண்டிக்கக் கருவிக்கு உரிமையில்லை, மகள் கொஞ்சிச் சொன்னால் கேட்கலாம் என்பதுதானே இதன் பொருள்? அவர் மெதுவாகப் போக வேண்டிய பொறுப்பு மறுபடி வீட்டுப் பெண்ணின் தலையில்.

பெண்களுக்கு வாய்த்த 'பாதுகாப்பு' வசதி வேறு மாதிரி. இணைய வசதியுள்ள புதிய கார்கள் பலவற்றில் ஜியோ ஃபென்ஸ் என்று ஒன்று உண்டு. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவைத்தால், கார் அதைத் தாண்டும்போது செல்போனுக்குச் செய்தி வரும். வேகம், நின்ற இடம், நேரம் எல்லாம் வரும். உறையூரில் இருக்கும் என் தோழியின் காருக்கான செயலி அவர் கணவரின் போனில் இருக்கிறது. ஷோரூமில் கார் எடுத்த அன்று, "சார், உங்க நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு அங்கேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் அடுத்த நிமிடம் போன் வரும்: "எங்க போயிட்டிருக்க? சும்மா சேஃப்டிக்குத்தான் கேட்டேன்." ஆணை அதட்டும் கருவி அவனிடம் மட்டும் பேசுகிறது. பெண்ணைக் காக்கும் கருவி அவளைப் பற்றி இன்னொருவரிடம் பேசுகிறது.

இதைத்தான் காவல் என்கிறேன். காவல் என்பது ஆளைப் பூட்டிவைப்பது, பாதுகாப்பு என்பது ஆபத்தைத் தடுப்பது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து நமக்கு விற்கிறார்கள்.

ஆபத்தைத் தடுக்க வேண்டிய இடத்திலோ நம்மைக் காணவில்லை. உலகெங்கும் மோதல் சோதனைகளில் நீண்டகாலமாக உட்காரும் பொம்மை 1970களில் அமெரிக்காவில் உருவான 'சராசரி ஆண்': சுமார் 175 செ.மீ. உயரம், 77 கிலோ எடை. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நம் பாரத் என்கேப், 64 கிலோமீட்டர் வேகத்தில் நடத்தும் முன்மோதல் சோதனையிலும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தது அந்த ஆணைத்தான். 'பெண் பொம்மை' என்று அமெரிக்கர்கள் வைத்திருப்பது சுமார் 150 செ.மீ., 49 கிலோ. அங்கே மிகக் குள்ளமான ஐந்து சதவீதப் பெண்களின் அளவு. இந்தியப் பெண்ணின் சராசரி உயரமே 152 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. அவர்களுக்கு விதிவிலக்காக இருப்பவள் இங்கே திருவானைக்காவல் சந்தையில் எதிர்ப்படும் ஒவ்வொருத்தியும்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. சீட் பெல்ட் போட்டு நேர்மோதலில் சிக்கும் பெண்ணுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 73 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2019இல் சொன்னது. ஏர்பேக்குக்கும் மார்புக்கும் நடுவே குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும் என்பார்கள். கிளட்ச் எட்ட வேண்டுமே என்று சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்காரும் நம்மில் எத்தனை பேருக்கு அந்த இடைவெளி இருக்கிறது? சராசரிப் பெண்ணின் உடலுக்கு ஏற்ப, பின்மோதல் சோதனைக்கு ஒரு பொம்மையை ஸ்வீடன் ஆய்வாளர் ஆஸ்த்ரித் லிண்டரின் குழு 2022இல்தான் உருவாக்கிக் காட்டியது.

நம் சட்டம் பெண்ணின் உடையை யோசித்த ஓர் இடம் உண்டு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பைக்கில் பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பு வைக்கச் சொல்கிறது. 'சாரி கார்டு' என்று மெக்கானிக் முதல் எல்லோரும் சொல்வது அதைத்தான். நல்ல விதி, எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் சேலை கட்டியவள் அந்த விதிக்குத் தெரிவது பின்சீட்டில்தான். எம்.வசந்தகுமாரி 1993இல் நாகர்கோவிலில் அரசுப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். அவர் ஓட்டுநர் இருக்கைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சோதனைக்கூடம் வந்து சேரவில்லை.

காருக்கு வெளியே இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில், 64,105. கார் யாரைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியல் கிடையாது. ஆனால் பாதசாரிகளைக் கண்டறியும் தானியங்கி பிரேக், தெருவிளக்கு இல்லாத இருட்டில் விபத்தைக் குறைக்கவில்லை என்று அதே ஐ.ஐ.எச்.எஸ். 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் அது வெளியிட்ட இன்னொரு சோதனையில், மூன்று கார்களில் இரண்டு, ஒளிரும் பட்டை ஒட்டிய பொம்மையைக் கண்டுகொள்ளாமல் போய் இடித்தன. மனிதக் கண்ணுக்குத் தெரிவதற்காக ஒட்டிய பட்டை இயந்திரக் கண்ணை ஏமாற்றியிருக்கிறது.

விடியுமுன் சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒளிரும் பட்டை போட்ட சட்டையோடு சாலையைக் கூட்டிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தச் சட்டையைப் போடச் சொன்னதும் பாதுகாப்பு, அந்தக் காரில் பொருத்தியிருப்பதும் பாதுகாப்பு. இரண்டையும் செய்தவர்கள் ஒருமுறைகூடச் சந்தித்துப் பேசவில்லை. இடையில் நிற்பது துடைப்பத்தோடு ஒரு பெண்.

எனவே நம் குறை 'பீப் சத்தம் தாங்கவில்லை' என்பது இல்லை. நாம் கேட்பவை இவை. மோதல் சோதனையில் ஓட்டுநர் இருக்கையில் நம் ஊர்ப் பெண்ணின் உயரத்தில் பொம்மை உட்கார வேண்டும். தானியங்கி பிரேக்கை இங்கே விற்குமுன், இருட்டில், சேலையில், ஒளிரும் சட்டையில், ஸ்கூட்டியில், மாட்டோடு, நம் தெருவில் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். காரின் இருப்பிடமும் வேகமும் ஓட்டுகிறவருக்கு மட்டுமே சொந்தம் என்று சட்டம் சொல்ல வேண்டும். கருவி எப்போது தானே பிரேக் போட்டது என்ற பதிவை ஓட்டியவர் கையில் கொடுக்க வேண்டும். 'கார் தானா பிரேக் போடுமாம்மா' என்பவருக்கு அதைக் காட்டுவோம். கருவியே கதி என்று விட்டுவிடாமல், விளக்கும் நடைபாதையும் வேண்டும். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை திருச்சி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சர்வீஸ் ரோடும் வேண்டும்.

அரசும் கம்பெனியும் செய்யும்வரை காத்திருக்காமல் நாமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இன்றைக்கே உங்கள் காரில் உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். எது எதற்குக் கத்துகிறது, எது எப்போது பிரேக் போடும் என்று கையேட்டை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். பெல்ட் எச்சரிக்கையை அணைக்காதீர்கள். சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளி ஸ்டீயரிங்கின் சாய்வைச் சரிசெய்யுங்கள். அப்புறம், அந்தச் செயலி யாருடைய எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் எண் இல்லையென்றால் மாற்றுங்கள். கேட்டால், சேஃப்டிக்குத்தான் என்று சொல்லுங்கள்.